எண்ண வராதவள்

ஒருத்தியின் விரல் ஓடவில்லை என்று சொல்லலாம். சுருதி ஒட்டவில்லை என்று சொல்லலாம். வில்லைப் பிடிப்பது விளக்குமாற்றைப் பிடிப்பதுபோல இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். வயலின்காரர்கள் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு, மறுநாள் காலையில் மறுபடியும் பயிற்சிக்கு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் "அவளுக்கு எண்ண வராது" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் தொழிலில் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது. சமையல்காரனைப் பார்த்து நாக்குச் செத்தவன் என்று சொல்வதற்குச் சமம்.

சின்னவளைப் பற்றி அதைத்தான் சொன்னார்கள். சொன்னது ஊரார் இல்லை, கூடப் பிறந்த அக்கா.

குழுவில் நாலு பேர். பெரியவள் முதல் வயலின், சின்னவள் இரண்டாம் வயலின். வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசித்தவன் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் அவனுக்குச் சாமியார் என்று பெயர். செல்லோ வாசித்தவன் தன் உயரத்துக்கு ஒரு பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அலைந்ததால் மூட்டை. நாலு பேரும் ஒரே இசைக் கல்லூரியில் படித்து அடுத்தடுத்து வெளியே வந்தவர்கள். கெட்டிக்காரர்கள். கல்லூரியில் கொடுத்த பரிசெல்லாம் இந்த நாலு பேருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அதிலும் பெரியவளின் வில்லுக்கு ஒரு தனி ருசி உண்டு. அவள் முதல் சுரத்தை இழுத்தால், போகலாமா என்று கதவோரம் நிற்கிறவன்கூட உட்கார இடம் தேடுவான்.

இவர்கள் வாசிக்கும் மேற்கத்தியச் சங்கீதத்தில் தாளத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பார் என்று பெயர். மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்திக்கு வேலை இல்லையென்றால், அவள் சும்மா உட்கார்ந்து பார்களை மனசுக்குள் எண்ணி, சரியான இடத்தில் உள்ளே வர வேண்டும். வேன் ஓட்டும் அப்பா, மகள்கள் சாப்பிடும்போது "இருபது பாருக்கு அப்புறம்தான் நான் உள்ளே வருவேன்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டு முதலில் நடுங்கிப் போனார். பிறகு யாரோ விளக்கிச் சொன்ன பின்னால்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

இதில் ஒரு ரகசியம் இருந்தது. பெரியவள் பார் எண்ணுகிறவள் இல்லை, பார்க்கிறவள்.

அம்மா துணி தைக்கிறவள். வீட்டில் இருந்த ஒரே பெரிய அறையில் பாதியைத் தையல் மெஷினும் துணிக்குவியலும் பிடித்துக்கொண்டன. மிச்சமிருந்த பாதியில் இரண்டு பெண்களும் நாற்காலி போட்டு வாசித்தார்கள். மெஷின் ஓடினால் ஒருத்தி வாசிப்பது இன்னொருத்திக்குச் சரியாகக் கேட்காது. அதனால் அக்கா உள்ளே வர வேண்டிய இடம் வந்ததும் சின்னவள் தன் வயலினின் சுருண்ட தலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவாள். அக்கா வருவாள். விளையாட்டாகத் தொடங்கிய வழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. மெஷின் சத்தம் இல்லாத கல்லூரி அறைகளிலும் சின்னவள் தூக்கினாள், அக்கா வந்தாள். தன் பங்கை வாசித்துக்கொண்டே அக்காவின் மௌனத்தையும் சேர்த்து எண்ணியவள் சின்னவள். 'என்ன நேர்த்தி, கத்தி வைத்த மாதிரி உள்ளே வருகிறாள்' என்று புகழப்பட்டவள் பெரியவள்.

அதற்காகச் சின்னவள் வருத்தப்பட்டதில்லை. அந்த முதல் சுரம் காற்றில் ஏறும்போது, இதைத் திறந்துவிட்டது நான்தான் என்று அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. அக்காவுக்கும் இது தெரியும், வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். இதில் தெரியாமல் இருக்க என்ன இருக்கிறது?

கெட்ட நேரம் ஒரு போட்டியில் வந்தது. இளம் குழுக்களுக்கான பெரிய போட்டி அது. கடைசிச் சுற்றைப் படம் பிடிக்க வந்தவர்கள், முதல் வயலின்காரியின் முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று சின்னவளின் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டார்கள். சின்னவள் வேண்டாம் என்றாள். பெரியவள், பரவாயில்லை, காமிராவுக்கு நன்றாக இருக்கட்டுமே என்றாள். முகம் தெரிவது யாருக்குத்தான் கசக்கும்?

வாசிக்கும்போது அக்காவின் பார்வைக்குச் சின்னவளின் வயலின் எட்டவில்லை. பெரியவள் ஒரு பார் முன்னதாகவே உள்ளே வந்துவிட்டாள். சின்னவளுக்கு யோசிக்க நேரமில்லை. அக்கா தனியாக அம்மணமாக நிற்கக் கூடாது என்று தானும் ஒரு பாரைத் தாண்டிக் குதித்தாள். சாமியாரும் மூட்டையும் சின்னவளைக் கேட்டுத்தான் வாசிப்பார்கள், அவர்களும் குதித்தார்கள். கேட்டவர்களுக்கு எப்படி இருந்தது? பெரியவள் கம்பீரமாக வந்தது போலவும், கீழே இரண்டாம் வயலின் தடுமாறி ஓடியது போலவும் இருந்தது. நடுவர்களும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். பரிசு போயிற்று.

போனால் போகட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கடுத்த வாரம் பெரியவள் குழுவின் மேனேஜரிடம் போய், "அவளுக்கு எண்ண வராது சார். சின்ன வயசுலேர்ந்து நான்தான் இழுத்துக்கிட்டுப் போறேன்" என்று சொன்னாள். அந்த அறையில் உட்கார்ந்திருந்த மூட்டை, பெயருக்கேற்ற மாதிரி எதையும் சுமக்கிறவன்தான், இதை மட்டும் சுமக்க முடியாமல் சின்னவளிடம் வந்து இறக்கிவைத்தான். இரண்டு நாளில் மேனேஜர் போன் செய்து, கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளம்மா என்றார்.

ஓய்வு எடுத்தாள். ஒரு ஓட்டலின் முன்கூடத்தில், பெட்டியும் சாவியுமாகப் போகிறவர்களுக்கு நடுவில் நின்று வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் வயலினைப் பூனையின் வாலை மிதித்தது போலக் கத்தவைத்தார்கள், அதுகூடப் பரவாயில்லை. தாங்க முடியாதது வேறு. வாத்தியக்காரர்களின் உலகம் சின்னது, அதில் ஒரு பேச்சு கிளம்பினால் அடங்காது. பெரிய இசைக்குழு ஒன்றில் இடம் காலி என்று வாசித்துக் காட்டப் போனாள். நன்றாகத்தான் வாசித்தாள். தேர்வுக்கு உட்கார்ந்திருந்தவர் காகிதத்தை மூடிவிட்டு, எண்ணிக்கை எல்லாம் இப்போது சரியாகிவிட்டதா அம்மா என்று அன்பாகக் கேட்டார். அந்த அன்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் நின்று, அக்காவைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தாள். அம்மா போனில், நீதான் விட்டுக்கொடுக்கணும், அவ பெரியவ இல்லையா என்றாள். விட்டுக்கொடுத்துப் பழகியவளிடமேதான் எல்லோரும் போய் விட்டுக்கொடு என்பார்கள்.

அவளுடைய இடத்துக்கு வேறொருத்தியைக் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல வாசிப்புக்காரி. அவளுக்குப் புதுப்பெண் என்றே பெயர் விழுந்தது, பெயருக்கேற்ற புகுந்த வீட்டுக் கொடுமையும் கிடைத்தது. பெரியவள் கச்சேரிக்குக் கச்சேரி தப்பான இடத்தில் உள்ளே வந்தாள், ஒவ்வொரு தடவையும் புதுப்பெண்ணைத் திட்டினாள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். கடைசியில் புதுப்பெண் வயலின் பெட்டியை மூடிக்கொண்டு அழுதபடி போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கும் எண்ண வராதாம். நாட்டில் எண்ணத் தெரிந்தவர்களே அருகிப்போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று சின்னவள் மூட்டையிடம் சொல்லிச் சிரித்தாள். வெகு நாள் கழித்து வந்த சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். நகரத்தின் பெரிய இசைமண்டபம் ஒரு இளம் குழுவைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் முழுக்கத் தன்னிடம் வைத்துக்கொள்ளப் போகிறது. அடுத்தடுத்து இரண்டு மாலை இவர்களுடைய கச்சேரி. மண்டபத்துப் பெண் இயக்குநர் வந்து கேட்பார். கிடைத்தால் நாலு பேரின் வாழ்க்கையும் நிமிர்ந்துவிடும், கிடைக்காவிட்டால் குழுவைக் கலைக்க வேண்டியதுதான். வாசிக்கப்போவது ஒரு அம்மாள் புதிதாக எழுதிக் கொடுத்த இசை. அதில் மூன்றாம் பகுதியில் முதல் வயலினுக்கு ஒரு நீண்ட மௌனம் இருக்கிறது. மற்ற மூன்று பேரும் ஒரே சின்ன வரியைத் திரும்பத் திரும்ப, மாற்றமே இல்லாமல் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு திடீரென்று முதல் வயலின் உச்சத்தில் தனியாக வர வேண்டும். ஒரே வரி என்பதால் காதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எண்ணினால்தான் உண்டு.

மேனேஜர் இதைச் சொன்னபோது சின்னவளின் மனசு குளிர்ந்துபோனது. தேடிப்போகாமலே கையில் கத்தியைக் கொடுத்து, கழுத்தையும் நீட்டுகிறார்கள். வருகிறேன் சார் என்று அடக்க ஒடுக்கமாகச் சொன்னாள்.

ஒத்திகை, பாடம் முடிந்த ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. குட்டை பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்கள். பெரியவள் தங்கையைக் கட்டிப் பிடித்து, வந்துட்டியா, அந்தப் பெண்ணோடு நான் பட்ட பாடு இருக்கே என்று ஆரம்பித்தாள். பழைய பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று சின்னவளுக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் பகுதி வந்தது. சின்னவள் எண்ணினாள். சரியான இடத்தில் தூக்காமல், வேண்டுமென்றே ஒரு பார் விட்டுத் தூக்கினாள். அக்கா அதே ஒரு பார் விட்டு, நூல் பிடித்த மாதிரி வந்தாள். மூட்டை வாசிப்பதை நிறுத்திவிட்டு, நீ ஒரு பார் லேட்டு என்றான். பெரியவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. நீங்கள் மூன்று பேரும்தான் ஒரு பாரை விழுங்கிவிட்டு முன்னால் ஓடினீர்கள் என்று சாதித்தாள். குரலை உயர்த்தினாள், கண்கூட லேசாகக் கலங்கியது. சாமியார் ரோசின் என்கிற பிசின் கட்டியை வில்லில் தேய்த்துக்கொண்டிருந்தான். சின்னவள் மெதுவாக, என் தப்பாக இருக்கும் அக்கா என்றாள். பார்த்தாயா என்பது போல மூட்டையைப் பார்த்தாள் பெரியவள்.

சின்னவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அக்காவின் வில் இன்னும் தன் கையில்தான் இருக்கிறது. கச்சேரியன்று இரண்டு பார் முன்னதாகத் தூக்கினால் போதும். இயக்குநர் முன்னால், எழுதிய அம்மாளின் முன்னால், நிறைந்த மண்டபத்தின் முன்னால் அக்கா தன்னந்தனியாக உச்ச சுரத்தில் வந்து நிற்பாள். இந்தத் தடவை யாரும் கூடக் குதிக்க மாட்டார்கள். மற்ற இரண்டு பேரின் பிழைப்பும் சேர்ந்து போகுமே என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. என் பிழைப்பு போனபோது அவர்கள் என்ன வில்லை உடைத்துப் போட்டுவிட்டா வெளியே வந்தார்கள் என்று அந்த நினைப்பை அடக்கினாள். அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். பழி ஒரு நல்ல மருந்துதான், குடிக்கிற வரைக்கும்.

கச்சேரியன்று மண்டபம் நிரம்பியிருந்தது. முதல் இரண்டு பகுதிகளும் வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாவது தொடங்கியது. பெரியவள் வயலினை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள். சின்னவள் அந்தச் சின்ன வரியை வாசித்தாள், மறுபடி வாசித்தாள், உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. தூக்க வேண்டிய இடம் நெருங்க நெருங்க, அக்காவின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. விழப்போகிறவளின் முகத்தை விழுவதற்கு முன்னால் பார்க்கிற ஆசை.

பார்த்தாள். அக்காவின் முகத்தில் கள்ளம் இல்லை. அடுத்தவள் கையை எதிர்பார்த்திருக்கிறவளின் பதற்றம் இல்லை. இமை பாதி இறங்கி, உதட்டில் சின்னச் சிரிப்போடு, இறங்க வேண்டிய இடம் வந்தால் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்று பஸ்ஸில் தூங்குகிற குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண் சின்னவளின் வயலின் பக்கம்தான் இருந்தது, ஆனால் அது பார்க்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. சின்னவளுக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. இவளுக்குத் தெரியவே தெரியாது. தானாக எண்ணித் தானாக வருவதாகத்தான் இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருக்கிறாள். மேனேஜரிடம் போய்ச் சொன்னது பொய்யே இல்லை, அவளைப் பொறுத்தவரை சத்தியம்.

இன்னொருத்தியாக இருந்தால் அந்த நொடியில் கோபம் கரைந்து கண்ணீர் வந்திருக்கும். சின்னவளுக்குக் கோபம் இரட்டிப்பானது. தெரிந்து செய்த துரோகத்தையாவது ஒரு நாள் மன்னிக்கலாம், அதில் நம்மைப் பற்றி ஒரு நினைப்பாவது இருக்கிறது. என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தோள் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறாளே என்று நெஞ்சு கொதித்தது. வரி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது இவளைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? விழுவாள். விழுந்ததும் எழுந்து, என் தங்கைக்கு எண்ண வராது என்பாள். ஊரும் ஆமாம் என்று தலையாட்டும். தான் எதில் அடிபட்டோம் என்பதே தெரியாதவளை அடித்து என்ன பிரயோசனம்?

இரண்டு பார் முன்னதாகத் தூக்க வேண்டிய இடம் கடந்துபோனது. சின்னவள் தூக்கவில்லை. சரியான இடம் வந்ததும் தூக்கினாள்.

அக்கா வந்தாள். அந்தச் சுரம் எங்கிருந்து தொடங்கியது என்றே தெரியாமல் வந்து, மண்டபத்தின் கூரைக்கும் கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நடுவில் நின்றது. முன்வரிசையில் ஒருவர் வாயைத் திறந்தபடி இருந்தார். எழுதிய அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். வாசித்துக்கொண்டே சின்னவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் வயலினைக் கையில் எடுத்ததே இந்தச் சத்தத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான். அதை அவள் அப்போதும் மறக்கவில்லை, அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஒரே கூட்டம். ஒரு வருடமும் உங்களுக்குத்தான் என்று இயக்குநர் அங்கேயே சொல்லிவிட்டார். மூட்டை செல்லோவைக் கீழே வைக்காமல் அதையே கட்டிப் பிடித்துக்கொண்டான். மேனேஜர் சின்னவளின் முதுகில் தட்டி, பரவாயில்லையே, நன்றாக எண்ணக் கற்றுக்கொண்டாயே என்றார். பெரியவள் வாயெல்லாம் பல்லாக, "நான்தான் சொன்னேனே சார், கூடவே வெச்சுக்கிட்டா திருத்திடலாம்னு" என்றாள்.

சின்னவள் அக்காவின் முழங்கையைப் பிடித்து ஜன்னல் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். பார்க்கிறவர்களுக்கு, தங்கை அக்காவைத் தனியாகப் பாராட்டப் போகிறாள் என்று தோன்றியிருக்கும்.

"இன்னைக்கு எத்தனை பார் எண்ணினே?" என்று கேட்டாள்.

பெரியவள் சிரித்தாள். "என்ன கேள்வி இது? எத்தனை இருந்துச்சோ அத்தனை."

"எத்தனை?"

பதில் சொல்ல வாயைத் திறந்த பெரியவளுக்கு எண் வரவில்லை. "அதெல்லாம் உள்ளுக்குள்ளே தானா ஓடும்டி. உனக்குச் சொன்னாப் புரியாது" என்றாள்.

"ஓடல. நான் தூக்குவேன், நீ வருவே. அம்மா மெஷின் ஓட்டின காலத்துலேர்ந்து அப்படித்தான். உன் வாழ்க்கையில ஒரு பார்கூட நீ எண்ணினதில்ல."

பிறகு நிதானமாக, குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். போட்டியில் நாற்காலி பின்னால் போனதைச் சொன்னாள். புதுப்பெண்ணுக்குத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பதே தெரியாது, அதனால்தான் ஒவ்வொரு கச்சேரியிலும் கவிழ்ந்தாய் என்றாள். ஒத்திகையில் ஒரு பார் விட்டுத் தூக்கியது வேண்டுமென்றுதான் என்றாள். பெரியவள் நடுவில் சிரிக்கப் பார்த்தாள், சும்மா சொல்கிறாய் என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. கையில் இருந்த காப்பிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் விளிம்பையும் தரையையும் பார்த்தாள். ஒவ்வொரு கச்சேரியாக அவள் பின்னால் போய்ப் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தைத்தான் சின்னவள் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருந்தது.

"நாளைக்கு நான் தூக்க மாட்டேன்" என்றாள். "உள்ளுக்குள்ளே தானா ஓடுதான்னு பாரு."

மறுநாள் காலையில் பெரியவள் மூட்டைக்குப் போன் செய்து விசாரித்திருக்கிறாள். அவனுக்குப் பொய் சொல்ல வராது, எனக்கும் ரொம்ப நாளாகச் சந்தேகம் இருந்தது என்று உளறிவிட்டான். மண்டபத்துக்குள் நுழையும்போது சாமியார் சின்னவளை நிறுத்தினான். "சொல்லியிருக்க வேண்டாம்" என்றான். அவன் அவளிடம் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். நல்ல பேச்சாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தான். அவனுக்கென்ன, அவனை யாரும் எண்ண வராதவன் என்று சொல்லவில்லை. சின்னவள் வயலின் பெட்டியைத் திறந்தாள்.

அன்று மாலை பெரியவள் தன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள், தங்கை கண்ணில் படாதபடி. மூன்றாம் பகுதியில் அவளுடைய உதடு அசைந்தது. மடியில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சின்னவள் சொன்னபடியே தூக்கவில்லை. பெரியவள் வந்தாள், சரியான பாரில்தான் வந்தாள். எண்ணுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை, முதல் வகுப்புக் குழந்தைக்கும் வரும். ஆனால் வந்த சுரம் வேறாக இருந்தது. சுருதி சுத்தம், தாளம் சுத்தம், பரீட்சையில் பதில் எழுதியது போல இருந்தது. கூரைக்கு ஏறவில்லை. மண்டபம் கை தட்டியது, இயக்குநர் சிரித்தார், மேனேஜருக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும், வாசித்தவளுக்கும்.

கச்சேரி முடிந்ததும் பெரியவள் நேராக மேனேஜரிடம் போனாள். எல்லோரும் நிற்கும்போதே, போட்டியில் தப்பு செய்தது நான், எண்ண வராதது எனக்குத்தான், என் தங்கை மேல் பழி போட்டுவிட்டேன் என்றாள். புதுப்பெண்ணைத் தேடிப் போய் அவளிடமும் சொன்னாள். அம்மாவுக்குப் போன் செய்து அங்கேயும் சொன்னாள். அவள் அப்படிப்பட்டவள்தான். தெரியாமல் செய்தாளே தவிர, தெரிந்த பிறகு ஒளிக்கவில்லை. சின்னவளின் பெயரில் இருந்த கறை ஒரு மாதத்துக்குள் போய்விட்டது. தேர்வில் அன்பாகக் கேட்ட அந்தப் பெரிய மனிதர்கூட ஒரு விழாவில் அவளைத் தேடி வந்து கைகொடுத்தார்.

இத்தோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். சின்னவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

அந்த வருடம் மண்டபத்தில் நிறைய வாசித்தார்கள். பெரியவள் இப்போது எண்ணிக்கொண்டே வாழ்கிறாள். படி ஏறும்போது உதடு அசைகிறது, பஸ்ஸுக்கு நிற்கும்போது விரல் மடங்குகிறது. மேடையில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை, அந்தப் பழைய சத்தமும் ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. பத்திரிகையில் 'கச்சிதமான வாசிப்பு' என்று எழுதுகிறார்கள். அதைப் படித்ததும் சின்னவள் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறாள். உலகத்தில் தனக்கு மிகவும் பிடித்த ஒன்றை, தன் வாயாலேயே ஊதி அணைத்தோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? நான் சொன்னது அத்தனையும் உண்மைதானே என்று மனசு உடனே எழுந்து நிற்கிறது.

ஒவ்வொரு கச்சேரியும் முடிந்து மேடையிலிருந்து இறங்கும் வழியில், கைதட்டல் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பெரியவள் திரும்பி அவளைப் பார்க்கிறாள். பிறந்ததிலிருந்து யாரையும் எதையும் கேட்டுப் பழகாதவள், குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்.

"சரியா வந்தேனா?"

சரியாகத்தான் வந்திருக்கிறாள். அதை உடனே, கூடப் பிறந்தவளாகச் சொல்லிவிட்டால் போதும். நாலு தடவை அப்படிச் சொன்னால் அக்காவின் பயம் தெளிந்துவிடும், பயம் தெளிந்தால் வில் இளகிவிடும் என்று சின்னவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு சொல், செலவில்லாத சொல். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் மேடையை விட்டு இறங்குகிறாள்.

ஆனால் அக்காவின் முகம் அப்படிக் காத்துக்கொண்டு நிற்கும்போது, அந்தக் கண்கள் தன் உதட்டையே பார்க்கும்போது, உள்ளே இனிக்கிறது. அந்த இனிப்பு இன்னும் தீரவில்லை. வில்லின் திருகைத் தளர்த்துகிறாள், தந்தியின் மேல் படிந்த ரோசின் தூளைத் துணியால் துடைக்கிறாள். மனசுக்குள் ஒரு முழு பார் எண்ணுகிறாள். அதற்குப் பிறகுதான் "ஆமா" என்கிறாள்.